நமத் பாபாவுக்குப் பாடம் சொன்னவர்கள்

எங்கள் ஊர் கோக்துத்தில் தர்கா வாசலுக்கு எதிரே பர்தாபாயின் தேநீர்க்கடை. கடையில் எல்லாக் கிண்ணமும் நீலப்பூப் போட்ட ஒரே மாதிரிக் கிண்ணம். ஒன்றுக்கு மட்டும் விளிம்பில் ஒரு பல் உடைந்திருக்கும். அது தானாக உடைந்ததில்லை. பர்தாபாயே ஆணி வைத்துத் தட்டி உடைத்தது. அனார்குல் வந்தால் அதில்தான் தேநீர் ஊற்ற வேண்டும், தவறிப்போய்க்கூட வேறு யாருக்கும் அதைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த அடையாளம்.

அனார்குல் எங்கள் ஊரில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துகிறவள். அவள் அம்மாவும் அதைத்தான் செய்தாள். செத்துப்போனால் ஊருக்கு அவள் கை வேண்டும். உயிரோடு இருக்கிறவரைக்கும் அவள் கை பட்ட ரொட்டி வேண்டாம். இதை யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. கிண்ணம் சொன்னது.

ஒரு வியாழக்கிழமை காலையில் பர்தாபாய் கடையைத் திறந்ததும் ஒரே கூச்சல். அலமாரியில் இருந்த அத்தனை கிண்ணத்திலும் விளிம்பு உடைந்திருக்கிறது. எல்லாம் ஒரே அளவில்.

"எந்த எலிடா இது! எலின்னா ஒண்ணு ரெண்டைக் கடிக்கும், போயிடும். இது பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி வரிசையா ஒண்ணு விடாம கடிச்சிருக்கே!"

சந்தைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். தர்காவின் விளக்குக்காரர் எஷ்தெமிர் அண்ணனும் வந்து நின்றார். ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயசானா மனுஷனுக்குப் பல்லு விழலையா பர்தாபாய்? பீங்கானுக்கும் விழும். ஊத்து, குடிப்போம்."

அவர் அங்கியின் பையிலிருந்து குறடின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் தந்தூர் அடுப்பு தர்கா மதிலை ஒட்டி இருப்பதால் எனக்கு நன்றாகவே தெரிந்தது. ரொட்டி சுடுகிறவள் வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போகும்.

பர்தாபாய் புதுக் கிண்ணம் வாங்குகிற ஆளில்லை. அன்றைக்கு அனார்குல் வந்தபோது எந்தக் கிண்ணம் அவளுடையது என்று அவருக்கே தெரியவில்லை. கைக்கு வந்ததில் ஊற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஊரே அவளோடு ஒரே கிண்ணத்தில்தான் குடித்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் தெரியாததுபோல் குடித்தார்கள்.

எஷ்தெமிர் அண்ணனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெரிய ஆள் இல்லை. உருவத்திலும் இல்லை. என் மாவு மூட்டையைவிடக் கொஞ்சம் உயரம். கழுத்தில் எப்போதும் தர்காவின் இரும்புச் சாவி தொங்கும். அந்தக் கனத்தில் தலை எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி பணிவு, பாதி சாவி.

சோவியத் காலத்தில் எங்கள் தர்காவில் உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். எஷ்தெமிர் அண்ணன் அந்தக் கிடங்குக்குக் காவல்காரர். மூட்டைகளுக்குப் பின்னால், அங்கே அடங்கியிருக்கிற நமத் பாபாவின் கல்லறையான கபுரின் தலைமாட்டில், தினமும் ஒரு விளக்கு ஏற்றிவிடுவார். ஒரு தடவை மேலதிகாரி வந்து பார்த்துவிட்டார்.

"இங்க எதுக்குய்யா விளக்கு?"

"எலிக்கு, தோழரே."

"எலிக்கு விளக்கா?"

"இருட்டா இருந்தா கூட்டம் கூடுதுங்க. கூடிக் கூடிப் பேசுதுங்க. வெளிச்சம் இருந்தா கூடறதில்ல."

கூட்டம் கூடுவது என்றால் அந்தக் காலத்து அதிகாரிக்கு என்ன பயம் என்று அண்ணனுக்குத் தெரியும். "நல்ல வேலை பண்ணே, எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் எங்கள் பாபாவின் விளக்கு அணையாமல் இருந்தது.

விளக்கு தப்பித்தது. ஓடு தப்பிக்கவில்லை. கபுருக்கு மேலே சுவரில் நீல ஓட்டில் அரபி எழுத்தில் பாபாவின் வரலாறு எழுதியிருக்கும். பிறந்தது, கம்பளி அங்கி போட்டது, யார் யாரிடம் பாடம் கேட்டது எல்லாம். உரம் இறக்க வந்த டிராக்டர் ஒரு நாள் பின்பக்கமாக வந்து சுவரில் இடித்தது. "அவருக்கு முதன்முதலில் பாடம் சொன்ன உஸ்தாது" என்பது வரைக்கும் ஓடு நின்றது. மீதி தூள். அந்தப் பொந்தில் ஒரு குருவி கூடு கட்டிக்கொண்டது. அதைப் படித்திருந்த பெரியவர்கள் அப்போதே மௌத்தாகிப் போயிருந்தார்கள். பாபாவின் முதல் உஸ்தாது யாரென்று பிறகு குருவிக்குத்தான் தெரியும்.

கிண்ணம் உடைந்ததற்கு அடுத்த வாரம் என்று நினைக்கிறேன். அனார்குல் வழக்கம்போல் தர்கா வாசல்படிக்கு வெளியிலேயே நின்று பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போவதில்லை. அண்ணன் கூப்பிட்டார்.

"உள்ள வாம்மா. உன் வீட்டுக்கு நீயே வெளிய நிக்கிறியே."

"என் வீடா?"

"பாபாவோட முதல் உஸ்தாது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"அந்த ஓடுதான் விழுந்துடுச்சே அண்ணே."

"விழறதுக்கு முன்னாடி நான் படிச்சிருக்கேன்ல. மய்யித்து குளிப்பாட்டுறவர், உன் தொழில்காரர். பாபா என்ன சொல்லியிருக்காரு? 'குளிப்பாட்டுகிறவர் கையில் மய்யித்து கிடக்கிற மாதிரி இறைவன் கையில் கிட'ன்னு சொல்லியிருக்காரா இல்லையா? பக்கத்துல உக்காந்து பார்க்காம அதை எப்படிச் சொல்ல முடியும்?"

அனார்குல் கொஞ்சம் யோசித்தாள். "மய்யித்து அவ்வளவு லேசுல வளைஞ்சு குடுக்காதுண்ணே. சில பேரு விரல்கூட நீட்டித் தர மாட்டாங்க."

"உயிரோட இருக்கிறவனைப் பார்த்தா அது எவ்வளவோ தேவலாம். சரி, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா பெருமை வந்துடும். பெருமை வந்தா பரக்கத், அந்த ஆசி, போயிடும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது என்னிடம் ஒரு ரொட்டி வாங்கினாள். எப்போதும் காசைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பவள், அன்றைக்குக் கையை நீட்டினாள்.

எஷ்தெமிர் அண்ணனுக்கு அரபி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டைக்கூட என்னிடம்தான் கொண்டுவந்து கேட்பார். நானே நாலாம் வகுப்பு.

அனார்குலுக்கு அவர் சொன்ன அந்த மருந்து நன்றாக வேலை செய்தது. அதுதான் தொல்லை. நன்றாக வேலை செய்கிற மருந்தை யாராவது ஒரே ஆளுக்கா கொடுப்பார்கள்?

வண்டிக்கார நுர்பேக்கின் சின்ன வேன் கால்வாயில் கவிழ்ந்து, அதற்கப்புறம் ஒருத்தரும் அதில் ஏறாமல், அவன் தர்கா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பாபாவின் முதல் உஸ்தாது ஓர் ஒட்டகக்காரர் என்றார். அவர் பின்னால் உட்கார்ந்து பாலைவனத்தைத் தாண்டினபோதுதான் பாபா இறைவனை நம்பக் கற்றுக்கொண்டாராம். "உன் வண்டியில ஏறினவங்க எவ்வளவு நம்பியிருக்கணும், பாரு" என்று வேறு சொன்னார். அது ஆறுதலா குத்தலா என்று நுர்பேக்குக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் எழுந்து போய் வண்டியைத் துடைத்தான்.

முடிதிருத்துகிற ஹம்ரோவுக்கு எதிர்த்த தெருவில் சுழல் நாற்காலியும் பெரிய கண்ணாடியுமாகப் புதுக்கடை வந்துவிட்டது. அவனிடம், "நாட்டை ஆளற அமீரா இருந்தாலும் உன் முன்னால தலை குனியணும். பணிவுங்கிற பாடத்தைப் பாபா எங்க கத்துக்கிட்டாருன்னு நினைக்கிறே? முடிவெட்டுறவர் முன்னால உக்காந்துதான்" என்றார். மின்சாரக்காரன் தில்ஷோத் காசு கட்டாத வீடுகளில் கம்பியைத் துண்டித்து, அதற்காக முதுகில் அடி வாங்கி வந்தான். அவனிடம், பாபா விளக்கு ஏற்றுகிறவரிடம் பாடம் கேட்டுத்தான் எல்லாம் ஒளி என்று சொன்னார் என்றார்.

ஒவ்வொருத்தரிடமும் கடைசியில் ஒரே வார்த்தை: "யார்கிட்டயும் சொல்லிடாதே. பரக்கத் போயிடும்."

அவர்களும் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் ரகசியமாக நிமிர்ந்து நடந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊர் நிர்வாகம் பார்க்கிற மஹல்லாத் தலைவர் ஒலிம்ஜான் பளிங்குக்கல் ஆசையில் விழுந்தார். உடைந்த ஓட்டுக்குப் பதில் பளிங்கு பதித்து, முதல் உஸ்தாதின் பெயரையும் போட்டால், வெளியூர்க்காரர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். புகாராவிலிருந்து பேராசிரியர் வஹாபோவை அழைத்தார். பாபாவின் பேரில் ஊருக்கே சாப்பாடு போடுகிற கந்தூரி நாளில் அவர் எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லவேண்டும்.

எங்கள் கந்தூரியில் ஒரு வழக்கம் உண்டு. முற்றத்து முசுக்கொட்டை மரத்தடியில், வாசலுக்கு ரொம்பத் தள்ளி உள்ளே, மரியாதையான இடத்தில் ஒரு வெள்ளைக் கம்பளி விரிப்பார்கள். அது பாபாவின் முதல் உஸ்தாதுக்கு. யாரும் உட்காரமாட்டார்கள். அண்டாவிலிருந்து எடுக்கும் முதல் கிண்ணம் ஹலீமை அதில்தான் வைப்பார்கள். எல்லோரும் சாப்பிட்டபின் அதைப் பறவைகளுக்குப் போட்டுவிடுவது அண்ணனின் வேலை. இந்த வருஷம் தலைவர் புதிதாக ஒன்று சேர்த்தார்: பேராசிரியர் எந்தத் தொழிலைச் சொல்கிறாரோ அந்தத் தொழில்காரர் ஒருத்தர் கம்பளியில் உட்கார்ந்து முதல் கிண்ணத்தைச் சாப்பிடவேண்டும்.

எஷ்தெமிர் அண்ணன் என் தந்தூர் பக்கம் வந்து நின்றார்.

"ஸும்ரத், கொஞ்சம் தண்ணி குடும்மா."

"என்னண்ணே, முகம் வெந்துபோயிருக்கு? தந்தூருக்குள்ள தலையை விட்டது நான்தானே?"

"விஷயம் கேட்டியா? தலைவர் சொல்லிட்டாரு. கந்தூரியில ஒரு சின்ன கலாட்டா நடந்தாலும் சாவியைக் கழட்டி வாங்கிடுவாராம். அவரு மச்சான் ரஷ்யாவுலேருந்து திரும்பி வந்து சும்மா உக்காந்திருக்கானாம்."

"கலாட்டா ஏன் நடக்கப்போகுது?"

"நான்தான் சொல்லிவெச்சிருக்கேனே."

"யாருக்கு?"

சந்தைத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். "யாருக்குச் சொல்லலைன்னு கேளு. சீக்கிரம் முடியும்."

"சரி, யாருக்குச் சொல்லல?"

யோசித்தார். "உனக்கு."

எனக்குச் சுருக்கென்றது. மின்சாரக்காரனுக்குக்கூட ஓர் உஸ்தாது கிடைத்திருக்கிறார். "அதென்னண்ணே, ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, எனக்கு மட்டும் கிடையாதா? ரொட்டி தின்னாமலா பாபா பாடம் படிச்சாரு?"

"நீ நல்லாத்தானேம்மா இருக்கே. உனக்கு எதுக்கு? போ, ரொட்டி கருகுது."

கருகித்தான் போயிருந்தது. கருகினதை அவர் கையிலேயே கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அந்த வாரம் முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். ஹம்ரோவிடம், "கந்தூரியில நீ பின்னால உக்காரு, அதுதான் பணிவு" என்றார். ஹம்ரோ கண்ணைச் சிமிட்டி, "புரியுதுண்ணே. ரகசியத்தைக் காப்பாத்தறேனான்னு சோதிக்கிறீங்க" என்றான். நுர்பேக்கிடம் அன்றைக்கு வெளியூர்ச் சவாரி போகச் சொன்னார். "என் உஸ்தாதுக்கு மரியாதை நடக்கிற நாள்ல நான் சவாரி போவேனா?" என்று அவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். புதுச் சட்டை வேறு தைத்திருந்தான்.

கந்தூரி அன்று முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்கள் மரத்தடியில், பெண்கள் மதில் ஓரம். கிண்ணங்கள் பர்தாபாய் கடையிலிருந்து வந்தவை, எல்லாம் பல் போனவை. அண்டாவில் கோதுமையும் ஆட்டிறைச்சியும் கூழாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் வஹாபோவ் விடியற்காலையில் புறப்பட்டவர். வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. பேசிக்கொண்டிருந்தாலும் கண் அண்டாவின் மேலேயே இருந்தது. நல்ல மனிதர், பாவம்.

"பாபாவோட சிந்தனை ஒரு ஆறு. அதுக்கு ஊற்று பல இடத்துல இருக்கு," என்றார். "அவரோட நிதானம் பக்தாத்லேருந்து வந்தது. இறைக்காதல்ங்கிற அந்தப் பித்து, பிஸ்தாம்லேருந்து வந்தது. நாலு பேர் பழிச்சாலும் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிற குணம் நிஷாபூர்லேருந்து வந்தது…"

"வந்தது வந்ததுன்னு சொல்றீங்களே ஐயா," என்று நுர்பேக் எழுந்துவிட்டான். "எதுல வந்தது?"

"எதுலன்னா?"

"பக்தாத் எங்க, கோக்துத் எங்க! நடந்தா வந்தது? ஒட்டகக்காரன் இல்லாம ஒரு எழுத்து இங்க வந்து சேர்ந்திருக்குமா?"

பேராசிரியருக்குச் சந்தோஷம். "ரொம்ப நல்ல கேள்வி! வணிகப் பாதைகள்…" என்று ஆரம்பித்தார். நுர்பேக்கின் காதில் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை. புதுச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கம்பளியைப் பார்த்து ஓர் அடி வைத்துவிட்டு நின்றான். பேராசிரியர் தொடர்ந்தார்.

"அதுக்கும் முன்னாடி இந்த மண்ணுல நெருப்புக் கோயில் இருந்தது. தலையை மழிச்ச புத்தத் துறவிகளோட மடங்கள் இருந்தது. அவங்க விட்டுட்டுப்போன பழக்கமும் பாபாகிட்ட…"

தலைவர் இருமினார். "அதை விடுங்க ஐயா, பெரியவங்க உக்காந்திருக்காங்க."

"ஏன் விடணும்?" என்று ஹம்ரோ குதித்தான். "மழிச்ச தலைன்னு சொல்றாரே! தானாவா மழிஞ்சது? யாரு மழிச்சது?"

"எல்லாத்துக்கும் மேல, ஒளி," என்றார் பேராசிரியர். குரல் கொஞ்சம் நடுங்கியது. பசியோ பயமோ. "இறைவன் ஒளி, நம்ம உயிர் அதுல ஒரு கதிர்னு பாபா…"

தில்ஷோத் எழுந்தான். சட்டைப் பையில் மின்சாரம் பார்க்கிற திருப்புளி.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது. ஒவ்வொருத்தரும் பணிவாகத்தான் போனார்கள். "நான் வேணாம்னுதான் இருந்தேன், பாபா கோவிச்சுக்குவாரு" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு போனார்கள். செருப்புத் தைக்கிறவர், கிணறு வெட்டுகிறவர், தையல்காரர், பால்காரர், எல்லோரும் ஒரே கம்பளிக்கு.

"கொஞ்சம் நகருப்பா, உஸ்தாது இடம்."

"அதான் உக்காந்திருக்கேன்."

"யாரோட உஸ்தாது? என் உஸ்தாது!"

"அடச்சீ, காலை எடுடா, கம்பளி கிழியுது!"

கிழிந்தே விட்டது.

"நிறுத்துங்க!" என்று தலைவர் கத்தினார். "உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?"

"எஷ்தெமிர் அண்ணன்தான் சொன்னாரு," என்றான் ஹம்ரோ.

"என்னது? எனக்குச் சொன்னதும் அவருதான்."

"எனக்கும்."

அந்த 'எனக்கும்' மரத்தடியில் புறப்பட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் பர்தாபாய் அண்டாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்குக்கூட. வெந்நீர் வைக்கிறவர்கிட்டதான் பாபா பொறுமையைக் கத்துக்கிட்டாருன்னு சொன்னாரு. நான் பேசாம இருந்தேன். பரக்கத் போயிடுமேன்னு."

எல்லோரும் எஷ்தெமிர் அண்ணனைப் பார்த்தார்கள். தலைவர் பக்கத்தில் போய் உள்ளங்கையை நீட்டினார். சாவிக்குத்தான்.

"அப்ப எல்லாம் பொய்யா?" என்றான் நுர்பேக். அவன் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது.

அண்ணன் நுர்பேக்கைப் பார்க்கவில்லை. மதில் ஓரம் பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே கடைசியில் அனார்குல் உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லிவைத்தவர்களில் பர்தாபாயைத் தவிர எழுந்து கம்பளிக்கு ஓடாதவள் அவள் ஒருத்திதான். பொய் என்று சொன்னால் போவது சாவி மட்டும்தான் என்றால் எப்போதோ சொல்லியிருப்பார். பொய் என்று சொன்னால் அவள் மறுபடி வாசல்படிக்கு வெளியே போய் நிற்கவேண்டும். பொய் இல்லை என்று சொன்னால் பாபாவின் முற்றத்தில் இன்னொரு பொய். சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அனார்குல் எழுந்து வந்தாள். ஆண்கள் நடுவே நேராக நடந்து வந்தாள். வழி விட்டார்கள். அவளுக்கு எப்போதுமே வழி விடுவார்கள்.

"எல்லாருக்கும் சொல்லியிருக்காருன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "துக்க வீட்டுக்குப் போறவ நான். செத்தவங்க பெருமையை என்கிட்டதானே முதல்ல சொல்றீங்க? 'எங்க மாமியார் சும்மா ஆளில்ல அனார்குல், எங்க குடும்பத் தொழில்தான் பாபாவுக்கே முதல் உஸ்தாது, வெளிய சொல்லிடாதே'ம்பீங்க. ஒவ்வொரு வீட்லயும். நானும் 'அப்படியா, அப்படியா'ன்னு தண்ணி ஊத்திட்டு இருப்பேன்."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"உனக்குக் கோவம் வரலையா?" என்றார் பர்தாபாய்.

"எதுக்கு வரணும்? பாபாவுக்கு யாரு பாடம் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க கடைக் கிண்ணத்தைக் கடிச்ச எலி யாருன்னு தெரியும். எனக்கு அது போதும்."

பர்தாபாய் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். விளிம்பைத் தடவினார். எஷ்தெமிர் அண்ணனைப் பார்த்தார். "நீங்களா! நான் பூனை வாங்கி வளர்த்தேனேய்யா!"

அப்போது முற்றமே சிரித்தது. கிழிந்த கம்பளியில் ஒருத்தர் மேல் ஒருத்தராகக் கிடந்தவர்களும் சிரித்தார்கள். அனார்குல் அந்தக் கிண்ணத்தைப் பர்தாபாய் கையிலிருந்து வாங்கி, அண்டாவிலிருந்து முதல் கரண்டி ஹலீமை ஊற்றித் தலைவர் முன்னால் நீட்டினாள்.

"ஆறுதுங்க."

சிரிப்பு நின்றது. தலைவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். "எனக்கு வயிறு சரியில்ல," என்றார்.

எஷ்தெமிர் அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள், "இங்க குடுங்கம்மா!" என்று ஒரு சத்தம்.

பேராசிரியர்தான். அவருக்கு இவள் யார், என்ன வேலை செய்கிறவள், ஒன்றும் தெரியாது. எட்டி வாங்கி, பிஸ்மில்லா சொல்லி, நின்றபடியே சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தை அவளிடமே நீட்டினார். "இன்னொரு கிண்ணம்."

அன்றைக்கு அவர் பேசின பேச்சில் ஊர் மறக்காத வார்த்தை அதுதான்.

விருந்தாளி பிஸ்மில்லா சொல்லி வாயில் வைத்ததை ஊர்க்காரன் வேண்டாமென்று சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் அதற்குமேல் அவமரியாதை கிடையாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஹம்ரோ முதலில் வந்தான். நுர்பேக் அடுத்து. அப்புறம் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அனார்குல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தலைவரும் வந்து கிண்ணத்தை நீட்டினார். வயிறு சரியாகிவிட்டது போலிருக்கிறது.

சாவியை மட்டும் அவர் விடவில்லை. கலாட்டா நடந்தது நடந்ததுதான் என்றார். எல்லோரும் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் ஏமாற்றம், ஒருத்தரும் தலை நிமிரவில்லை. அண்ணன் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "கழுத்தாவது கொஞ்சம் நிமிரட்டும்," என்றார். ஆனால் நிமிரவில்லை. கடைசிவரை அப்படியேதான் இருந்தது. பாதி சாவி என்று நான் நினைத்தது தப்பு, எல்லாம் பணிவுதான்.

மறுநாள் தலைவரின் மச்சானுக்குக் கதவு திறக்கவில்லை. அண்ணனே போய், எங்கே தோளால் இடிக்கவேண்டும், எப்போது சாவியைத் திருப்பவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், திரி எவ்வளவு நீளம் என்பதையும். குருவிக் கூட்டை எடுத்து முசுக்கொட்டை மரத்தில் வைத்தார். பளிங்குக்கல்லைக் கொண்டுவந்து பதித்தார்கள். பேராசிரியர் பெரிய புத்தகமே எழுதியிருக்கிற ஒரு பக்தாத்துப் பெரியவரின் பெயர் அதில் இருக்கிறது. நீளமான பெயர். யாரும் முழுசாகப் படித்ததில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஒருத்தர் பின் ஒருத்தராக, மற்றவர்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து, எஷ்தெமிர் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, மத்தவங்களுக்குச் சும்மா மனசு தேத்தச் சொன்னீங்க, சரி. எனக்குச் சொன்னது மட்டும் நிஜம்தானே?"

"பின்னே?" என்பார் அண்ணன்.

இப்போது மச்சான்காரனும் அதே வேலையைத்தான் செய்கிறான். ஒரு நாள் கொத்தனார் ஒருத்தர் கல்லுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவன் போனைப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய், "அந்தக் கல்லுல போட்டிருக்கிறது சும்மாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்ததை என் காதால் கேட்டேன். அல்லாஹ் அவனை நன்றாக வைக்கட்டும்.

சாவி போனபிறகு அண்ணனுக்கு ஊரில் வேலை இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை. அவர் மனைவி மௌத்தாகி ரொம்ப நாளாகிவிட்டது. நவாயி நகரில் இருந்த மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் நுர்பேக்கின் வேனில் ஏறினார். வண்டி கவிழ்ந்த கதை தெரிந்தும், முன் இருக்கையில், கதவைக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்தார். பர்தாபாய் பல் உடைந்த கிண்ணம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அனார்குல் எதுவும் கொடுக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் சூடான ரொட்டி ஒன்றை நீட்டினேன். எங்கள் பக்கம் ஊர் விட்டுப் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுக் கொடுப்பார். மீதியை அவர் திரும்பி வந்து சாப்பிடுகிறவரை வீட்டில் தொங்கவிடுவோம். அவர் கடித்துக் கொடுத்த ரொட்டி இன்னும் என் தந்தூருக்கு மேலே ஆணியில்தான் தொங்குகிறது. மகள் வீட்டிலேயே, அடுத்த வசந்தத்தில், விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார் என்று செய்தி வந்தது. அல்லாஹ் அவர் கபுரை வெளிச்சமாக்கட்டும்.

அவர் கிளம்பின அன்றைக்கு, கடித்த ரொட்டியைத் திரும்ப வாங்கும்போது நான் அழாமல்தான் நின்றேன். புகை என்று சொல்லித் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தந்தூர் அந்தப் பக்கம் இருந்தது, காற்று இந்தப் பக்கம் அடித்தது, அங்கே புகையே இல்லை. நுர்பேக் வண்டியைக் கிளப்பிவிட்டான். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையை அசைத்தார். போனேன். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஸும்ரத், யார்கிட்டயும் சொல்லிடாதே. பாபாவோட முதல் உஸ்தாது ரொட்டி சுடுறவங்க."